வேலை முடித்த இன்ஜினை வண்டியில் ஏற்றும்வரை எப்படி வைப்பது?

பழைய அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 என்று எதையாவது மறுபடி ஓட வைக்க நினைக்கிற எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். இன்ஜினை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பி, போரிங் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), கிராங்க் கிரைண்டிங் முடித்து (சுழலும் தண்டைத் தேய்த்துச் சீர்செய்து), புது பிஸ்டன், அதைச் சுற்றி வரும் புது ரிங்கு, புது பேரிங் எல்லாம் போட்டுக் கட்டி இன்ஜின் திரும்பி வந்துவிடும். பாடி மட்டும் டிங்கரிங்கில் நிற்கும். "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் சார்" என்ற வேலை தீபாவளியைத் தாண்டும், பொங்கலையும் தாண்டும். அதுவரை இன்ஜின் ஏதோ ஒரு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும்.

எங்கள் வீட்டு அம்பாசிடருக்கும் இதுதான் நடந்தது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஐப்பசி தொடக்கத்தில் வேலை முடிந்து வந்தது, மாசியில்தான் வண்டியில் ஏற்றத் தேதி குறித்தோம். ஏற்றுவதற்கு முன்னால் மெக்கானிக் அண்ணன் முன்பக்கப் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டி மெல்லச் சுற்றினார். பாதிச் சுற்றில் கையை எடுத்துவிட்டார். உள்ளே கரகரவென்று ஏதோ தேய்கிறது என்றார். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றிப் பார்த்தால் நாலில் மூன்று சிலிண்டர் பட்டறையிலிருந்து வந்த நாள்போலப் பளபளவென்று இருக்கிறது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ரிங்கு நின்ற இடத்தில் நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்பு வளையம். விரலால் தடவினால் நெருடியது. "அண்ணே, இது ஒரு கிலோமீட்டர்கூட ஓடலையே" என்றேன். "ஓடியிருந்தா இப்படி ஆகியிருக்காது தம்பி" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இந்த விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: புதுசுதானே, ஒன்றும் ஆகாது, வாரம் ஒரு தடவை கையால் சுற்றிவிடு, ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி வைத்துவிடு, நன்றாகப் போர்த்தி வை. கேட்க எல்லாமே நியாயமாகத்தான் படும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று நாமே முடிவு செய்யலாம்.

தேய்த்துக் கழுவிய தோசைக்கல்

பழகிய தோசைக்கல் வருடக்கணக்கில் துருப்பிடிப்பதில்லை. அதன்மேல் எண்ணெய் சூட்டில் காய்ந்து காய்ந்து ஒரு கருப்புப் பூச்சாகப் படிந்திருக்கிறது, தண்ணீர் நேரடியாக இரும்பைத் தொட முடியாது. அதே கல்லை யாராவது விவரம் தெரியாமல் கம்பி நாரும் பாத்திரப் பொடியும் போட்டு வெள்ளையாகத் தேய்த்து ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால், காலையில் செம்மண் பூசியதுபோல இருக்கும். கல் அதே கல்தான், பூச்சுதான் போய்விட்டது.

அம்பாசிடர் இன்ஜினின் பிளாக்கும் தோசைக்கல்லும் ஒரே ஜாதி இரும்பு, வார்ப்பிரும்பு. லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்குள் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் எல்லா இடத்திலும் படிந்திருக்கும். அழுக்குதான், ஆனால் ஒரு வகையில் காவல். வேலைக்குப் போன இன்ஜினில் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். சிலிண்டர் சுவரை இயந்திரத்தில் கடைந்து, கடைசியில் ஹோனிங் போடுகிறார்கள். ஹோனிங் என்பது சாணைக்கல் பொருத்திய கருவியை உள்ளே சுழற்றி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை உண்டாக்குவது. எண்ணெய் அந்தக் கீறல்களில் தங்கினால்தான் புது ரிங்கு சுவரோடு ஒழுங்காகப் பொருந்தும். கீறலின் ஆழம் சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும்.

அந்தச் சுவரைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி முடித்த நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியால் துடைக்கிறார்கள், உடனே எண்ணெய் தடவுகிறார்கள். நடுவில் ஒரு போன் வந்து பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தால், அடுத்து துடைக்கிற துணியில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கும். பச்சை இரும்புக்கு அவ்வளவு நேரமே போதும்.

துரு என்பது இரும்பும் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகும் இரும்பு ஆக்ஸைடு. நிறம் மாறியதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தங்கத்துக்கும் கண்ணாடிக்கும் மெருகு போடப் பயன்படும் சிவப்புப் பொடி இருக்கிறதே, அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான். அதாவது துரு ஒரு தேய்ப்புப் பொடி. முதல் ஸ்டார்ட்டிலேயே அது புது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் அரைபடும். துருப்பிடித்த இடத்தில் குழியும் விழுந்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி மறையாது. எங்களுக்கு மறுபடி ஹோனிங், மறுபடி ரிங்கு என்றுதான் முடிந்தது.

இன்ஜின் மூச்சு விடும்

"நாலு பக்கமும் இரும்பு, உள்ளே ஈரம் எப்படிப் போகும்?" என்பது அடுத்த கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இன்ஜின் மூடிய பெட்டி மாதிரிதான் தெரியும். உண்மையில் அது ஓட்டைகளால் ஆனது. கார்புரேட்டர் உட்காரும் வாய், சைலன்சர் பக்கத்து வாய், பிளக் ஓட்டை, ஆயில் ஊற்றும் வாய், டிப் ஸ்டிக் குழாய், உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாய். இதில் வால்வு வேறு. நாலு சிலிண்டர் இன்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஒன்றிரண்டு சிலிண்டரிலாவது வால்வு திறந்தே இருக்கும், அந்த சிலிண்டருக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. எங்கள் மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் கெட்டது என்பதற்கு இதுதான் பதில்: எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) திறந்த நிலையில் ஐந்து மாதம் நின்றிருக்கிறது.

காற்று சும்மா இருப்பதும் இல்லை. பகலில் ஷெட் சூடாகும், இன்ஜினுக்குள் இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகும். ராத்திரி குளிரும், உள்ளே சுருங்கிய இடத்துக்கு வெளிக்காற்று நுழையும். பத்து டிகிரி ஏறி இறங்கினால் உள்ளிருக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் மாறிவிடும். தினம் ஒரு மூச்சு, ஐந்து மாதத்தில் நூற்றைம்பது மூச்சு. மழைக்காலமாக இருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம்.

இரும்புக்கு வியர்ப்பது

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்பக்கம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது உள்ளேயிருந்து கசிந்த தண்ணீர் இல்லை. சுற்றியிருக்கும் காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர்தான் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் துளியாக மாறுகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் இப்படித் துளி கட்டுமோ அதற்குப் பனிநிலை என்று பெயர்.

கணக்கைப் பார்த்தால் பயமாக இருக்கும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. ஈரப்பதம் என்பது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய மொத்த நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற அளவு. கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழையின்போது 80 சதவீதம் சாதாரணம். அப்போது இரும்பு காற்றைவிட நாலு டிகிரி குளிர்ந்திருந்தாலே போதும், அதற்கு வியர்க்கும். நாலு பேர் தூக்கினாலே திணறும் அந்த இரும்பு மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். ராத்திரி மழையில் குளிர்ந்து கிடந்த ஷெட்டைக் காலையில் திறந்து விடுகிறோம், வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே வருகிறது, இன்ஜின் இன்னும் ராத்திரிக் குளிரிலேயே இருக்கிறது. துளி கட்டும்.

துளியே கட்டாவிட்டாலும் முழுக்கத் தப்பிவிடவில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே எண்ணெய்ப் படலம் இல்லாத இரும்பில் துரு வேகம் பிடிக்க ஆரம்பிக்கும். கடற்காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அங்கே அதைவிடக் குறைந்த ஈரத்திலும் வேலையைக் காட்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேலை முடித்த இன்ஜினுக்குள் பச்சை இரும்பு இருக்கிறது, தினமும் வெளிக்காற்று உள்ளே போகிறது, அந்தக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. தடுக்க இரண்டு வழிதான். இரும்பின்மேல் எண்ணெய் நிற்க வேண்டும், ஈரக்காற்று உள்ளே போகாமல் இருக்க வேண்டும்.

எண்ணெய் நிற்குமா?

பொருத்தும்போது எண்ணெய் போட்டுத்தானே பொருத்தினார்கள் என்று கேட்கலாம். போட்டார்கள்தான். எந்த எண்ணெய், எங்கே என்பதில் விஷயம் இருக்கிறது. சாதாரண இன்ஜின் ஆயில் பூமி இழுக்கிற பக்கம் வழிந்து, இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேரும், சில வாரங்களில் சுவரில் மிச்சமிருப்பது மிக மெல்லிய படலம்தான். அதனால் பேரிங், வால்வைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட், அது தள்ளும் டேப்பெட் ஆகியவற்றுக்கு அசெம்ப்ளி லூப் தடவுவது நல்ல வழக்கம். அது தேன்போலக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் எண்ணெய், முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பம்ப் அழுத்தம் கொடுக்கும்வரை உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பாற்றுவதற்கானது. இன்ஜின் சில மாதம் காத்திருக்கும் என்று தெரிந்தால், கட்டுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. கட்டிய பிறகு சொன்னால் பேரிங்கை மறுபடி பிரிக்க முடியாது.

சிலிண்டர் சுவருக்கு அசெம்ப்ளி லூப் போட மாட்டார்கள், கெட்டி எண்ணெய் இருந்தால் புது ரிங்கு சுவரோடு பழகாது. அங்கே சாதாரண ஆயில்தான், அதுவும் மெல்லிசாக. ஆகவே இன்ஜினிலேயே காவல் குறைந்த இடம் அதுதான்.

இப்போது "வாரம் ஒரு தடவை கையால் சுற்றிவிடு" என்ற யோசனைக்கு வருவோம். பிஸ்டனில் இருக்கும் ரிங்குகளில் கடைசி ரிங்கின் வேலையே சுவரிலிருக்கும் எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுவது. தட்டில் கடைசிக் குழம்பை விரலால் வழிப்பதுபோல அது வழிக்கும். கையால் ஒரு சுற்று சுற்றினால் நாலு சிலிண்டரிலும் மேலிருந்து கீழ்வரை எண்ணெயை வழித்துவிட்டுத்தான் நிற்கிறோம். ஓடுகிற இன்ஜினில் கிராங்க் எண்ணெயை வாரி அடித்துக்கொண்டே இருப்பதால் வழித்த இடத்தில் புது எண்ணெய் வந்துவிடும். கையால் சுற்றும்போது வராது. கேம் ஷாஃப்ட்டிலும் இதே கதை: வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் கேமும் டேப்பெட்டும் தொடுகிற சின்ன இடத்தில் விழுகிறது, சுற்றச் சுற்ற அங்கே தடவிய லூப் பக்கவாட்டில் பிதுங்கிப் போய்விடும்.

அப்படியானால் பெரியவர்கள் ஏன் சொன்னார்கள்? அவர்கள் சொன்னது ஓடிப் பழகி, ஆயில் நிரம்பி, ஷெட்டில் நிறுத்திய வண்டிக்கு. ரிங்கு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை அங்கே நியாயமானது. புதிதாகக் கட்டி இன்னும் ஓடாத இன்ஜினை சுற்றாமல் விட்டுவிடுவதுதான் சரி என்பது என் எண்ணம். வருடக்கணக்காகிவிட்டது, சுற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டுவிட்டுச் சுற்றுங்கள், சுற்றி முடித்ததும் மறுபடி விடுங்கள்.

எண்ணெய் விடுவது என்றால் நாலு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் புது இன்ஜின் ஆயில், முடிந்தவரை சுவர் முழுவதும் படும்படி. சின்ன பிளாஸ்டிக் குழாய் செருகிய ஆயில் கேன் இருந்தால் சுலபம். ஃபாகிங் ஆயில் என்று ஸ்ப்ரே டப்பாவில் ஒன்று வருகிறது, படகு இன்ஜின்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் அடிப்பது. பனிபோலப் பரவி மேல்சுவரிலும் ஒட்டுவதால் கிடைத்தால் அதுவே மேல். திறந்திருக்கும் வால்வு வாய்கள் வழியாகவும் ஒரு அடி அடிக்கலாம். பட்டறைத் தரையில் இருக்கும் கருப்பு ஆயிலை மட்டும் தொடவே வேண்டாம். ஓடிக் கழிந்த ஆயிலில் பெட்ரோல் எரிந்த அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும், எதிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறோமோ அதையே தடவியதாகிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை"

இருப்பதிலேயே ஆபத்தான யோசனை இதுதான் என்று சொல்வேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாததுபோலத் தோன்றும். பெட்ரோலிலிருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தண்ணீர்தானே. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். அரை மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆவியாகி வெளியேறும். ஸ்டாண்டில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே, ஆயிலிலும் சுவரிலும் தங்கும்.

அதோடு, புது ரிங்கு சுவரோடு பழகுவது முதல் ஓட்டத்தில், வண்டியின் பாரம் இருக்கும்போதுதான் நன்றாக நடக்கும். பாரமே இல்லாமல் ஐடிலிங்கில் விட்டால் அந்த நல்ல நேரம் வீணாகிறது. முதல் ஸ்டார்ட்டை வண்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: சுற்ற வேண்டாம், ஸ்டார்ட் பண்ண வேண்டாம், எண்ணெய் விட்டு அடைத்து வையுங்கள். அடைப்பதிலும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பள டப்பா

அப்பளத்தை இறுக்கமான டப்பாவில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. மூடி சரியாக உட்காராத டப்பாவில் வைத்தால் நமுத்துவிடும். இன்ஜினை மூடுவதும் இப்படித்தான், அரைகுறையாக மூடுவது பயன்படாது. மேலே தார்ப்பாயைப் போர்த்திக் கீழே திறந்து விட்டால் தரையிலிருந்து எழும் ஈரம் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, ராத்திரி தார்ப்பாயின் உட்புறத்தில் துளியாகி இன்ஜின்மேல் சொட்டும். அதற்குத் திறந்தே வைத்திருந்தாலும் மோசமில்லை.

முதலில் ஓட்டைகள். பெரும்பாலான இடத்தில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டித் திணித்துவிடுவார்கள். துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஒரு துண்டை எடுக்க மறந்தால் அது வால்வுக்குள் போகும். பேக்கிங் ஷீட்டை அந்தந்த வாயின் அளவுக்கு வெட்டி, மேலே ஒரு தகரத் துண்டை வைத்து, அங்கேயே இருக்கும் போல்ட்டைக் கொண்டு கையால் இறுக்குங்கள். பிளக் ஓட்டைக்குப் பழைய பிளக். டிப் ஸ்டிக், பிரீதர் குழாய்களுக்குப் பிளாஸ்டிக் மூடியும் டேப்பும். இதை ஈரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு விரல் அளவு ஓட்டை திறந்திருந்தால் குளவி ஒரே வாரத்தில் மண் கூடு கட்டிவிடும், அந்த மண் உள்ளே உதிர்ந்தால் பேரிங் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கவர். இயந்திரப் பாகங்களை ஏற்றுமதி செய்கிறவர்கள் விசிஐ கவர் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பார்க்கச் சாதாரணப் பிளாஸ்டிக் பைதான், ஆனால் அதிலிருந்து மெல்ல வெளிவரும் ஒரு ஆவி இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். கிடைக்காவிட்டால் தடித்த பாலித்தீன் பை. உள்ளே சிலிகா ஜெல் வையுங்கள், புது ஷூ பெட்டியில் பொட்டலமாக வருகிற அதே ஈரம் உறிஞ்சும் மணிகள். ஷூ பெட்டிப் பொட்டலம் போதாது, அரைக் கிலோவாவது வேண்டும். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் ஈரம் குடித்து முடித்ததைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், 120 டிகிரி அளவில் சூடு காட்டினால் காய்ந்து மறுபடி வேலை செய்யும். மழை நாளில் பையைக் கட்டாதீர்கள். வெயில் அடித்துக் காற்று காய்ந்திருக்கும் மத்தியானத்தில், இன்ஜினும் சூடேறியிருக்கும்போது பையை மூடி, அடியையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள்.

எங்கே வைப்பது

வெறும் சிமென்ட் தரையில் வேண்டாம், மரப் பலகையோ பேலட்டோ அடியில் இருக்கட்டும். சம்ப்பின்மேல் முழு எடையும் உட்காரக் கூடாது. அது மெல்லிய தகடு, நசுங்கினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் சல்லடையில் முட்டும். இன்ஜின் ஸ்டாண்ட் இல்லாதவர்கள் பழைய டயரில் உட்கார வைப்பார்கள், ஓரிரு நாளைக்குச் சரி, மாதக்கணக்கில் வைக்க இரண்டு பக்க மவுண்டிங்கையும் தாங்குகிற மாதிரி கட்டையில் ஒரு சட்டம் அடித்துவிடுவது நல்லது.

வீட்டு ஸ்டோர் ரூமில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர் மூட்டை, சார்ஜ் ஏறும் பேட்டரி, இவை இருக்கும் அறையில் இன்ஜினை வைக்காதீர்கள். ஆசிட் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆவி கசியும், அதே அலமாரியில் இருக்கும் ஆணியும் ஸ்பேனரும் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும்.

ஃப்ளைவீலின் முகத்தையும் மறந்துவிட வேண்டாம். கிளட்ச் தட்டு உரசும் அந்த இடம் பச்சை இரும்பு. கிளட்சைப் பொருத்தாமல் தனியாக வைத்து, முகத்தில் லேசாக எண்ணெய் தடவி விடுங்கள், பொருத்தும் நாளில் தின்னர் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு அட்டை. கட்டிய தேதி, ஹெட் போல்ட் டார்க் போட்டதா (குறித்த அளவுக்கு இறுக்கியதா), சம்ப்பில் ஆயில் இருக்கிறதா இல்லையா, எந்த வாயில் என்ன அடைப்பு இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிப் புல்லியில் கம்பியால் கட்டிவிடுங்கள். ஐந்து மாதம் கழித்து வேறு ஒரு ஆள் வந்து மாட்டக்கூடும், "ஆயில் ஊற்றவில்லை" என்ற இரண்டு சொல் ஒரு இன்ஜினைக் காப்பாற்றும்.

ஏற்றும் நாளில்

அட்டையைப் பார்த்து ஒவ்வொரு அடைப்பையும் எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், போனில் மாட்டுகிற சின்னக் குழாய்க் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. சுவர் சாம்பல் நிறத்தில் எண்ணெய் மினுமினுப்போடு இருக்க வேண்டும். பழுப்புக் கோடு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி, ஓட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

சுத்தமாக இருந்தால் சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, புது ஆயில் நிரப்பி, புது ஃபில்டர் மாட்டி, இன்ஜினை வண்டியில் ஏற்றுங்கள். பிளக்கை மட்டும் இன்னும் மாட்ட வேண்டாம். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்தால் இன்ஜின் பாரமில்லாமல் சுற்றும், சிலிண்டரில் தேங்கிய எண்ணெயும் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். பத்துப் பத்து விநாடியாக விட்டு விட்டு அடியுங்கள். பம்ப் எண்ணெயை இழுத்து எல்லா பேரிங்குக்கும் அனுப்பியதும் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும், மீட்டர் இருக்கும் வண்டியில் முள் ஏறும். அதைப் பார்த்த பிறகு பிளக்கை மாட்டுங்கள்.